ஃபீட் ரீடர்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பிடித்த தளங்களில் புதிதாக வருவதை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுகிற செயலிதான் ஃபீட் ரீடர். 2021 ஊரடங்கு நேரம் அதைப் பாவிக்கத் தொடங்கினேன், இன்றுவரை விடவில்லை. காலையில் தேத்தண்ணியோடு இருந்து முதலில் திறப்பது முகநூலை அல்ல, ஃபீட் ரீடரைத்தான். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்தவர்களிடையே இதைப் பாவிக்கிறவர்கள் மிகக் குறைவு. சொன்னால் "அது பழைய விசயமெல்லோ, இப்பவும் வேலை செய்யுதே?" என்று கேட்பார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் அநேகமாகப் பெரிய செய்தித் தளங்களைப் போட்டுத் தொடங்கி, குவிகிற தலைப்புகளைப் பார்த்துச் சலித்து, ஒரு கிழமைக்குள் செயலியையே அழித்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் ஃபீட் ரீடர் ஓயாமல் எழுதுகிற தளங்களுக்கானது அல்ல, எப்போதாவது ஒருமுறை எழுதுகிறவர்களுக்கானது. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் சுகம்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்தில் புதிதாக ஏதாவது வந்தால் அதன் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் அல்லது முழுக் கட்டுரை, எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற, செயலிகள் வாசிப்பதற்கான வடிவில் ஒரு சின்னக் கோப்பில் எழுதப்படும். அந்தக் கோப்புத்தான் ஃபீட், ஓடை என்றும் எழுதுவார்கள். ரீடர் இடைக்கிடை அந்தக் கோப்பைப் போய்ப் பார்த்து, புதியது இருந்தால் எடுத்து வந்து காட்டும். ஒரு ஃபீடை ரீடரில் சேர்ப்பதைச் சந்தா என்பார்கள், அந்தச் சொல்லைக் கேட்டதும் காசு கட்டவேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரு சதமும் இல்லை. தளத்துக்காரருக்கு மின்னஞ்சல் முகவரி கூடக் கொடுக்கத் தேவையில்லை, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போகலாம், ஏன் போனீர்கள் என்று யாரும் கடிதம் போடமாட்டார்கள். 1999 மார்ச்சில் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் கொண்டுவந்த ஆர்எஸ்எஸ், 2002இல் வந்த அதன் 2.0 வடிவம், 2005இல் தரமாக்கப்பட்ட ஆட்டம் (Atom) என்று ஃபீடில் வகைகள் உண்டு, ஆனால் தொடங்குகிறவர் அதைப்பற்றி யோசிக்கவே வேண்டாம், நல்ல ரீடர் எல்லாவற்றையும் வாசிக்கும். நீங்கள் கேட்கிற பாட்காஸ்ட் வந்து சேருவதும் இதே வழியில்தான்.

எந்தச் செயலி என்பதில் ஒரு விசயம் முக்கியம். சில ரீடர்கள் உங்கள் போனிலோ கணினியிலோ இருந்துகொண்டு தாங்களே போய்ப் பார்க்கும். அண்ட்ராய்டில் ஃபீடர், ஐபோனிலும் மேக்கிலும் நெட்நியூஸ்வயர், கணினியில் தண்டர்பேர்ட் அப்படியானவை. கணக்குத் தேவையில்லை, இலவசம். ஃபீட்லி, இனோரீடர் போன்றவை வேறு மாதிரி. அவர்களுடைய சேர்வர் போய்ப் பார்த்துச் சேர்த்து வைக்கும், நீங்கள் பிறகு திறந்து வாசிக்கலாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்களில் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாக விளங்கியது. வலைப்பதிவு நடத்தப் பலர் பாவிக்கிற வேர்ட்பிரஸில் இயங்கும் தளங்களின் ஃபீடில் இயல்பாகக் கடைசி 10 பதிவுகள்தான் இருக்கும். போன் அணைந்து கிடக்கிற நேரத்தில் ஒரு தளம் இருபது பதிவு போட்டால், போனில் மட்டும் இருக்கிற ரீடருக்கு அதில் முன்னால் வந்த பத்தும் கிடைக்காது. சேர்வரில் இருக்கிற ரீடர் எடுத்து வைத்திருக்கும். அதேநேரம், கரண்ட் இருக்கும்போதே போனில் இறக்கி வைத்த கட்டுரைகளைச் சிக்னல் இல்லாத இரவுகளிலும் வாசிக்க முடிந்தது, அந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது. நான் இப்போது ஃபீட்லியையும் ஃபீடரையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். ஃபீட்லியின் இலவசக் கணக்கில் 100 ஃபீட் சேர்க்கலாம், எனக்கு அது தாராளம்.

அடுத்த தடை, ஃபீட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. செம்மஞ்சள் நிறத்தில் வளைந்த கோடுகள் போட்ட அந்தச் சின்னம் முந்தி எல்லாத் தளத்திலும் இருந்தது, இப்போது அரிது. பயர்பொக்ஸ் உலாவியும் 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு ஃபீட் காட்டும் வசதியை எடுத்துவிட்டது. பரவாயில்லை. தளத்தின் சாதாரண முகவரியை அப்படியே கொப்பி பண்ணி ரீடரின் தேடல் பெட்டியில் போடுங்கள், பக்கத்துக்குள் மறைந்திருக்கிற ஃபீட் முகவரியை அதுவே தேடி எடுக்கும். எடுக்காவிட்டால், வேர்ட்பிரஸ் தளமென்றால் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் தட்டிப் பாருங்கள். கூகுளின் பிளாகர் தளமென்றால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொல்லையும் நடுவில் சாய்கோடுகளோடு. அந்த முகவரியை உலாவியில் திறந்தால் திரை முழுக்கக் குறியீடுகளாக வரும், அதைப் பார்த்துப் பயந்து மூடிவிடாதீர்கள், அது பழுதில்லை, ரீடருக்கான எழுத்து. யூடியூப் சேனலுக்கும் ஃபீட் உண்டு, கடைசி 15 காணொளிகள் வரும். சேனலின் முகவரியைப் போட்டாலே பெரும்பாலான ரீடர்கள் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் "இதையும் பாருங்கள்" என்று எதுவும் வந்து இழுக்காது.

இனி, யாரைச் சேர்ப்பது? தமிழில் 2003இலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் வலைப்பதிவுகள் எவ்வளவு செழிப்பாக இருந்தன என்பது அப்போது வாசித்தவர்களுக்குத் தெரியும். பல பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் அந்தப் பதிவுகளின் ஓடைகளைக் கொண்டுதான் இயங்கின. இப்போது அந்தப் பதிவர்களில் பலர் எழுதுவதில்லை, சிலர் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுதுகிறார்கள். கனடாவிலோ நோர்வேயிலோ இருந்துகொண்டு வடமராட்சிக் கடற்கரை, பழைய கிட்டங்கி, தட்டிவான், பனங்கட்டிக் குட்டான் என்று ஊரை எழுதுகிற ஒருவரின் பக்கத்தை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது, மறந்துபோகும். ரீடர் மறக்காது. மூன்று வருடமாக அசைவே இல்லாமல் கிடந்த ஒரு பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று தடித்த எழுத்தில் மேலே வந்து நின்றபோது எனக்கு வந்த சந்தோசத்தை எந்த முகநூல் அறிவித்தலும் தந்ததில்லை. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குப் பிடித்த, ஆனால் அடிக்கடி எழுதாத நாலைந்து பேரை மட்டும் சேருங்கள், ஒரு மாதம் அப்படியே விடுங்கள், பிறகு பாருங்கள்.

நான் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். அதனால் அமெரிக்காவின் புவியியல் ஆய்வு நிறுவனமான யூஎஸ்ஜிஎஸ் தருகிற நிலநடுக்க ஃபீடையும் சேர்த்திருக்கிறேன். அளவுவாரியாகவும் காலவாரியாகவும் பிரித்துத் தருகிறார்கள், 4.5க்கு மேற்பட்டவை மட்டும் வேண்டுமென்றால் அதை மட்டும் எடுக்கலாம். சுமாத்திரா, ஜப்பான், சிலி என்று மாறிமாறி வரும் இடங்களைப் படத்தில் குறிக்கச் சொன்னால் புவியோட்டின் தகட்டெல்லைகளைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எங்கள் கரையோர ஊர்களான மணற்காட்டிலும் மருதங்கேணிப் பக்கமும் என்ன செய்தது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் படம் வெறும் பாடம் இல்லை. ஆனால் எச்சரிக்கைக்காக இதை நம்பக்கூடாது. ரீடர் போய்ப் பார்ப்பதற்கும் நீங்கள் திறப்பதற்கும் நடுவே மணித்தியாலக் கணக்கில் போய்விடும், அந்த வேலைக்கு வானொலிதான். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஆட்டம் ஓடை இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையை அப்படிச் சேர்த்தால் யார் எதை மாற்றினாலும் அடுத்த நாள் தெரிந்துவிடும்.

செய்தித் தளங்களை நான் ஒரு தனி அடைவில் (ஃபோல்டரில்) போட்டு, ஒன்றிரண்டோடு நிறுத்தியிருக்கிறேன். வாசிக்காதவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், அதைக் கடன் போல நினைக்கவேண்டாம். "எல்லாம் வாசித்தது" என்று குறிக்கிற பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது, கூசாமல் அழுத்துங்கள். ஆனால் 2022 ஏப்ரல் 3 அன்று அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது, முகநூலையும் வட்ஸப்பையும் மட்டும் நம்பியிருந்த எங்கள் ஒழுங்கைச் சனமே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்க, எனக்குச் செய்திகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. தளத்திலிருந்து நேராக வருவதற்கு நடுவில் எந்தச் சமூக ஊடக நிறுவனமும் தேவையில்லை. அன்றிலிருந்து அந்த ஒன்றிரண்டை அழிக்க மனம் வரவில்லை.

இதில் கிடைக்காதவையும் உண்டு. அப்பாவுக்கு டேப்லட்டில் போட்டுக் கொடுத்தபோது அவர் முதலில் கேட்டது, "பிள்ளை, மரண அறிவித்தல் உதுக்குள்ளை வருமே?" என்றுதான். எங்கள் ஊரில் அதுதானே முதல் பக்கம். அவர் பார்க்கிற தளத்துக்கு ஃபீட் இல்லை. கோயில் திருவிழா அறிவித்தல், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், தண்ணி வெட்டு, எல்லாம் முகநூலிலும் வட்ஸப் குழுக்களிலும்தான் ஓடுகின்றன, முகநூல் பக்கங்களுக்கு இருந்த ஃபீடை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எனக்கும் முகநூல் தேவைப்படுகிறது. இதற்கு மாற்று வழி நான் காணவில்லை. அப்பாவுக்கு இப்போது பிபிசி தமிழும் இரண்டு இலக்கியப் பதிவுகளும் போட்டிருக்கிறேன், எழுத்தைப் பெரிதாக்கி, விளம்பரம் எதுவும் இல்லாமல் வாசிக்க முடிவது அவருக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டது.

சில தளங்கள் ஃபீடில் இரண்டு வரி மட்டும் விட்டு, மிச்சத்துக்குத் தளத்துக்கு வரச் சொல்லும். அது தளத்துக்காரர் அமைப்பில் தெரிவு செய்வது, உங்கள் ரீடரில் குறை இல்லை. நீங்கள் பதிவு எழுதுகிறவர் என்றால் தயவுசெய்து முழு எழுத்தையும் விடுங்கள், டேட்டா கணக்குப் பார்த்து வாசிக்கிற ஒருவருக்கு அது பெரிய உதவி. இன்னொன்று, ஈழத்துப் பழைய தளங்கள் சிலவற்றின் எழுத்து ரீடரில் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அவை இப்போது எல்லாக் கருவிகளும் பாவிக்கிற யூனிகோட் எழுத்துமுறை பரவலாவதற்கு முந்திய காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. அதை எடுத்து ஏதாவது ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோட் தமிழாக வந்துவிடும்.

கடைசியாக ஓபிஎம்எல். உங்கள் சந்தாப் பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இது, அமைப்புகளில் ஏற்றுமதி என்ற இடத்தில் இருக்கும். கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டபோது இந்தக் கோப்பை எடுத்து வைத்தவர்கள் வேறொரு ரீடரில் ஏற்றிவிட்டு அடுத்த நாளே வாசிக்கத் தொடங்கினார்கள். எந்தச் சேவையும் மூடப்படலாம், விலை வைக்கலாம், டொலரில் காசு கட்டக் காட் இல்லாத எங்களுக்கு அது இன்னும் கரைச்சல். நான் புதிதாகச் சில ஃபீட் சேர்க்கும்போதெல்லாம் அந்தக் கோப்பை எடுத்து எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைக்கிறேன், சில கிலோபைட்தான். என் மாணவர்கள் கேட்டால் தமிழ்ப் பதிவுகள் இருக்கிற அடைவை மட்டும் தனிக் கோப்பாகக் கொடுப்பேன். அதை இறக்கி, தங்களுக்கு ஒத்துவராததை எடுத்துவிட்டு, மிஞ்சுகிறதோடு தொடங்கிக்கொள்கிறார்கள்.