திறக்காத பெட்டிக்கு 148,000 ரூபாய்: டபுள் கெப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் டபுள் கெப்பின் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) ட்ரான்ஸ்பர் பெட்டியை, அதாவது முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியை, கழற்றி நான்கு பெயரிங் மாற்றியதாகச் சொல்லி, மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு கராஜில் எங்களிடம் 148,000 ரூபாய் வாங்கினார்கள். அந்தப் பெட்டியின் ஒரு போல்ட்கூடத் திறக்கப்படவில்லை. கராஜின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முறைப்பாடு போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், இதே சத்தத்தோடு இன்னொருவர் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

வாகனம் அப்பாவுடையது. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் வண்டி. சாதாரண வீதியில் பின் சில்லுகள் மட்டும் இழுக்கும். சேறோ மணலோ வந்தால் லீவரை மாற்றி நான்கு சில்லுகளையும் இழுக்க வைக்கலாம். எங்கள் வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயல் மேற்கே படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை இதே வாகனத்தைப் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவைப் படகு) ஏற்றித்தான் வாவியைக் கடந்தோம். விதைநெல், உரம், வெட்டுக்காரருக்குச் சோறு என்று எல்லாவற்றையும் சுமந்த வண்டி.

தை மாதக் கடைசியில், வேளாண்மை வெட்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது சத்தம் தொடங்கியது. வட்டையிலிருந்து (வயல்வெளி) திரும்பிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியில் ஏறியதும், முன்பக்க அடியிலிருந்து கரகரவென்று வந்தது. வெறும் ஆட்டுக்கல்லில் குழவியை உருட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. பாதத்தின் கீழ்த் தகடு அதிர்ந்தது. 40 கிலோமீற்றர் வேகத்தில் கூடும், சில நிமிடம் அடங்கும், வேகத்தடைகளில் நாலைந்து முறை பிரேக் மிதித்தால் திரும்பவும் வரும். பிரேக் மிதி வழமையைவிடச் சற்று இறுக்கமாக இருந்ததையும் நான் உணர்ந்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

கராஜ் உரிமையாளர் அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை. வாகனத்தில் ஏறவில்லை, சாவியைக்கூட வாங்கவில்லை. நான் வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ட்ரான்ஸ்பர் பெயரிங் போய்விட்டது. இப்படியே ஓட்டினால் பெட்டி உடையும், பிறகு முழுப் பெட்டியும் வாங்க வேண்டி வரும்" என்றார். அப்பாவின் முகம் வாடிவிட்டது. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்ததில் பழைய கெப்புகளின் விலைகூட எங்கேயோ போய்விட்டது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழியில்லை என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வெட்டு மெஷினுக்கு ஒதுக்கி வைத்திருந்த காசை அப்பா வங்கி மூலம் அனுப்பினார்.

ஐந்து நாள் கழித்து வண்டியைத் தந்தார்கள். ஒரு துண்டுத் தாளில் மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தது. பழைய சாமான் என்று கறுத்துப்போன நான்கு பெயரிங்குகளை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாகனத்தின் அடியில் பெட்டி புதுக் கறுப்புப் பூச்சோடு பளபளத்தது. பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது.

கல்லடிப் பாலத்தைத் தாண்டவில்லை, அதே சத்தம்.

தொலைபேசியில் கேட்டால், "முதல் செய்த வேலை சரிதான், இது வேறு கோளாறு. முன் டிபரன்சியல் (அச்சின் நடுவே இரு சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) மாற்ற வேண்டும், ரீகண்டிஷன் ஒன்று 260,000 ரூபாய்க்கு எடுத்துத் தரலாம்" என்றார். அப்பா பதில் சொல்லாமல் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அந்தக் கிழமை கூலிக்கு உழவு இயந்திரம் பிடித்துத்தான் நெல் ஏற்றினோம்.

மாமாதான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப்போனார். பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர். பொனட்டைத் திறக்குமுன் அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் காசு கொடுத்த இடத்தில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. வளைவில் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாயும்போது சத்தம் மாறுகிறதா? மாறினால் சில்லு பெயரிங்கைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டக் டக் என்று அடிக்கிறதா? அடித்தால் முன் அச்சின் மூட்டு. பிரேக்கை மெல்லத் தொட்டால் சத்தம் குறைகிறதா, கூடுகிறதா? பிரேக் தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கினாலும் இரும்பை அறுப்பதுபோல் சத்தம் வரும். பல வேளைகளில் பின்னோக்கி ஓட்டினாலே அந்தக் கல் விழுந்துவிடும் என்றார். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டால் நிற்கிறதா? நின்றால் கியர் பெட்டிப் பக்கம்.

எங்கள் சத்தம் இவை எதற்கும் மாறவில்லை. பிரேக்கை அடுத்தடுத்து மிதித்த பிறகு வருகிறது என்று நான் சொன்னதும் அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "ஏறுங்கள் மகன், ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

தார் வீதியை விட்டுக் கிரவல் பாதையில் இறங்கினோம். சத்தம் வந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, லீவரை நான்கு சில்லுக்கு மாற்றச் சொன்னார். மறுபடி நகர்ந்தோம். சத்தம் இல்லை. முழு அமைதி. பழையபடி இரண்டு சில்லுக்கு மாற்றி, பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து ஓட்டினோம். கரகர. அவ்வளவுதான், சோதனை முடிந்துவிட்டது. (இந்தச் சோதனையைக் காய்ந்த தார் வீதியில் செய்யாதீர்கள். இந்த வகை வண்டிகளில் நான்கு சில்லும் பூட்டிக்கொண்டால் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துப் பல்லுகளை வருத்தும்.)

அவர் விளக்கியது இது. எங்கள் வண்டியில் முன் அச்சை இணைப்பதும் பிரிப்பதும் ஒரு பல் வளையம். அதை நகர்த்துவது வெக்கியூம், அதாவது என்ஜின் பக்கத்துப் பம்ப் காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுவிசை. அதே வெக்கியூம்தான் பிரேக்குக்கும் உதவுகிறது. எங்காவது கசிந்தால் வளையத்தை முழுதாகப் பின்னிழுக்கப் பலம் போதாது. பல்லும் பல்லும் நுனியில் உரசும். பிரேக்கை மிதிக்க மிதிக்க இருக்கும் கொஞ்ச வெக்கியூமும் அங்கே போய்விடும்.

குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையை வாயால் உறிஞ்சிப் பார்த்தார். மூன்றாவது குழாய் நாக்கில் ஒட்டவில்லை. வளைத்துக் காட்டினார்: சூட்டில் காய்ந்து, முதலைத் தோல்போல் வெடித்து, வளைவின் உட்புறத்தில் நகம் போகுமளவு பிளவு. விரல் நீளமான ரப்பர் குழாய். புதியதை அளவாக வெட்டிப் பூட்டினார். குழாய்க்கு 350 ரூபாய். கூலி வேண்டாம் என்றவரின் சட்டைப் பையில் மாமா வலுக்கட்டாயமாக 3,000 ரூபாயை வைத்தார். சத்தம் அன்றோடு நின்றது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே அடியில் படுத்து, அந்தப் புதுக் கறுப்புப் பூச்சை நகத்தால் சுரண்டினார். என்னையும் கூப்பிட்டு டோர்ச் பிடிக்கச் சொன்னார். பூச்சுக்குக் கீழே, பெட்டியின் இரண்டு பாதிகளும் பொருந்தும் கோட்டிலும் போல்ட் தலைகளைச் சுற்றியும் எங்கள் வட்டைச் சேறு கல்லாக இறுகிக் கிடந்தது. திறந்திருந்தால் அந்த மண் அங்கே இருக்க முடியாது. மண்ணின் மேலேயே பூச்சு அடித்திருக்கிறார்கள். பையிலிருந்த பெயரிங்குகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தவர், "இவை ஏதோ வான் வண்டியின் சில்லு பெயரிங்குகள் மகன்" என்றார். அப்பா அங்கே கிடந்த ரயர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் கராஜுக்குப் போனோம். "பெடியன் செய்த பிழையாக இருக்கும்" என்று உரிமையாளர் வேலை பழகும் பிள்ளையின் தலையில் போட்டார். 30,000 ரூபாய் தருகிறேன், பேசாமல் விடுங்கள் என்றார். நாங்கள் வாங்கவில்லை.

உங்கள் வாகனத்தில் இப்படிச் சத்தம் வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். சில்லு பெயரிங் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் சத்தத்தை உங்களோடு ஏறிக் கேட்காத ஒருவருக்கு எதையும் கழற்ற அனுமதி கொடுக்காதீர்கள். வண்டியை விடும்முன் அடிப்பக்கத்தைப் புகைப்படம் எடுங்கள், கழற்றப்போவதாகச் சொல்லும் பாகத்தின் போல்ட் ஒன்றில் பெயின்ட் புள்ளி வையுங்கள், பெட்டி மேசையில் திறந்து கிடக்கும்போது வந்து பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபிக்கமாட்டார். களுவாஞ்சிகுடி ஐயா என்னைக் கூப்பிட்டு அல்லவா காட்டினார்.

இன்னொன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கடையில் வாங்கும் பொருளுக்கு மட்டுமானது அல்ல, காசுக்குச் செய்யும் சேவைக்கும் பொருந்தும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்களிடம் முறையான பற்றுச்சீட்டு இல்லை. வங்கியில் பணம் அனுப்பிய பதிவையும், அந்தத் துண்டுத் தாளையும், பூச்சுக்குக் கீழே சேறு தெரியும் ஆறு புகைப்படங்களையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் அழைக்கவில்லை. பெயரிங் பை அப்பாவின் அலுமாரியில் பூட்டியிருக்கிறது. அழைக்கும் நாளில் அதையும் கொண்டுபோவோம்.