கம்பத்தில் ஏறுவதா, சாலையைக் கீறுவதா? அமெரிக்க நகரங்களில் ஃபைபருக்கு வழி வாங்குவது

அமெரிக்கத் தெருவோர மரக் கம்பங்களில் சின்னத் தகடு ஒன்று அடித்திருப்பார்கள். கம்பத்தின் எண்ணும் உரிமையாளரின் அடையாளமும் அதில் இருக்கும். ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் இழுக்கப் புதிதாக வரும் பிராட்பேண்ட் கம்பெனி யாரிடம் மனு போட வேண்டும், எந்தக் கெடு செல்லும் என்பதெல்லாம் அந்தத் தகட்டில் ஆரம்பிக்கிறது. தனியார் மின் கம்பெனி அல்லது தொலைபேசிக் கம்பெனியின் கம்பம் என்றால் ஒரு சட்டம், நகராட்சி அல்லது கூட்டுறவு மின் சங்கத்தின் கம்பம் என்றால் வேறு கதை.

கம்பத்தில் கேபிள் கட்ட உரிமையாளர் தரும் சம்மதம் வேறு, தெருவில் லாரி நிறுத்தி வேலை செய்ய நகரம் தரும் பெர்மிட் வேறு. முதலாவது கைக்கு வந்ததும் ஆட்களை வரவழைத்துவிட்டு, போக்குவரத்துத் திட்ட வரைபடம் கொடுக்காததால் இரண்டாவதுக்குக் காத்துக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

அங்குலக் கணக்கு

40 அடிக் கம்பத்தில் 6 அடி மண்ணுக்குள் போய்விடும். மிச்சம் 34 அடியில் உச்சி மின்சாரத்துக்கு, அதற்குக் கீழே டிவி கேபிள், கடைசியில் தொலைபேசி. மின்சாரத்துக்கும் முதல் கேபிளுக்கும் நடுவே 40 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். கேபிள் கட்டுபவரின் கை மின் பகுதிக்கு எட்டிவிடக் கூடாது என்பதற்காக விடும் இடம் அது. கேபிளுக்கும் கேபிளுக்கும் வழக்கமாக 12 அங்குலம். சாலைக்கு மேலே கேபிள் எவ்வளவு தொய்ந்தாலும் 15.5 அடிக்குக் கீழே வரக் கூடாது.

ஒரு கம்பத்தை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தின் கடைசிச் சாமான் 24 அடியில். 40 அங்குலம் கழித்தால் 20 அடி 8 அங்குலத்திலிருந்து கீழே கேபிள்களுக்கு. டிவி கேபிள் 19 அடி 6 அங்குலத்தில், தொலைபேசி 18 அடியில். புதியவருக்கு மிஞ்சுவது 17 அடி. நடுவில் 2 அடி தொய்ந்தால் 15 அடிதான் வரும். அரை அடி குறை, மனு திரும்பிவிடும். டிவியை 20 அடி 8 அங்குலத்துக்கும் தொலைபேசியை 19 அடி 8 அங்குலத்துக்கும் ஏற்றினால் புதிய கேபிள் 18 அடி 8 அங்குலத்தில் உட்காரும், தொய்வு போக 16 அடி 8 அங்குலம் தேறும். இப்படி ஏற்றி இடம் பண்ணுவதைத்தான் மேக்-ரெடி என்கிறார்கள். அடுத்தவர் கேபிளைத் தொட்டு ஏற்றும் உரிமை யாருக்கு என்பதில்தான் இத்தனை வழக்கும்.

பழைய வழியும் ஒரே கை வழியும்

பழைய வழியில் டிவி கம்பெனி தன் லாரியில் வந்து தன் கேபிளை ஏற்றும், பிறகு தொலைபேசிக் கம்பெனி வரும், கடைசியில்தான் புதியவர். போட்டிக்கு வருகிறவனுக்கு இடம் விட யாரும் ஓடி வரமாட்டார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிப்படி மனு முழுமையா என்று பார்க்க 10 வேலை நாள், சர்வேக்கும் முடிவுக்கும் 45 நாள், செலவுக் கணக்குக்கு 14, அதை ஏற்க 14, கேபிள் பகுதி வேலைக்கு 30. மின் பகுதியில் கை வைக்க வேண்டியிருந்தால் 30க்குப் பதில் 90. இதெல்லாம் 300 கம்பம் வரையிலான மனுவுக்கு. பெரிய மனுவுக்குக் கெடு நீளும்.

2018 ஆகஸ்டில் எஃப்சிசி கொண்டுவந்து 2019 மே மாதம் நடைமுறைக்கு வந்தது ஒன்-டச் மேக்-ரெடி. உரிமையாளர் ஒப்புக்கொண்ட கான்ட்ராக்டரை வைத்துப் புதியவரே ஒரே ஏற்றத்தில் எல்லாக் கேபிளையும் நகர்த்தலாம். சர்வேயும் அவரே செய்வார், 3 வேலை நாள் முன்னால் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு. முழுமையான மனுவுக்கு 15 நாளில் பதில் வர வேண்டும். வேலைக்கு முன் தர வேண்டிய 15 நாள் அறிவிப்பையும் அதே 15 நாளோடு சேர்த்து ஓட்டலாம். பலர் இதைக் கவனிக்காமல் இரண்டு வாரத்தைச் சும்மா விடுகிறார்கள். வேலை முடிந்த 15 நாளுக்குள் தகவல் தர வேண்டும், பழையவர்களுக்குச் சோதித்துப் பார்க்க 90 நாள் உண்டு.

ஆனால் இது எளிய வேலைக்கு மட்டும். கேபிளை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தாலோ, இணைப்பு அறுபடும் என்றாலோ, வயர்லெஸ் பெட்டியை நகர்த்தவோ கம்பத்தை மாற்றவோ நேர்ந்தாலோ செல்லாது. சிக்கலான நாலு கம்பத்தை மற்ற நூறோடு ஒரே மனுவில் கலந்தால் ஆட்சேபம் அங்கேதான் கிளம்பும். பிரித்துப் போடுவதே நல்லது. கம்பமே மாறினால் இன்னொரு தொல்லை: புதுக் கம்பம் நின்ற பிறகும், கேபிளை மாற்றாத ஒருவருக்காகப் பழையது பக்கத்திலேயே மொட்டையாக நிற்கும். கம்பத்தை மாற்றப் புதியவர் மட்டுமே காரணம் இல்லை என்றால், முழுச் செலவையும் அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல என்று எஃப்சிசி 2021 ஜனவரியில் விளக்கியது. உளுத்த கம்பத்துக்குப் பில் வந்தால் அதைக் காட்டுங்கள்.

இந்த ஒன்-டச்சை நகரங்களே முதலில் முயன்றன. நாஷ்வில் 2016ல் சட்டம் போட்டது. ஏடி&டி, காம்காஸ்ட் என்ற பழைய தொலைபேசி, கேபிள் கம்பெனிகள் வழக்குப் போட, 2017 நவம்பரில் சட்டம் விழுந்தது. கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் போட்ட அதே மாதிரிச் சட்டம் 2017 ஆகஸ்டில் ஜெயித்தது. கெண்டக்கி மாநிலம் கம்ப விவகாரத்தைத் தானே கையாள்வதால் எஃப்சிசி விதி அங்கே குறுக்கே வரவில்லை. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் மாநிலம் கம்ப விவகாரத்தைத் தானே கையாள்கிறதா, எஃப்சிசியிடம் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

கீறும் வழி

வழக்கு ஜெயித்த லூயிவில்லிலேயே, கூகுளின் பிராட்பேண்ட் கம்பெனியான கூகுள் ஃபைபர் கம்பத்தை விட்டுச் சாலையைக் கீறியது. சுமார் 2 அங்குல ஆழத்தில் கேபிளைப் படுக்கவைத்து மேலே பசை ஊற்றி மூடினார்கள். பசை பெயர்ந்து கேபிள் வெளியே தலை நீட்டியது. 2019 ஏப்ரலில் கம்பெனி ஊரை விட்டே போனது. சாலையைச் சரிசெய்ய 38.4 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

கீறுவதே தப்பு என்று சொல்ல முடியாது, ஆழம்தான் தப்பு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடும் இயந்திரம் மேல் அடுக்கில் 2 அங்குலத்தைச் சாதாரணமாக வழித்துவிடும். அதற்குக் கீழே, தார் அடுக்கைத் தாண்டிப் போகாத ஃபைபருக்கு ஆயுள் அடுத்த மராமத்து வரைதான். புதிதாகத் தார் போட்ட தெருவைச் சில வருடங்களுக்கு வெட்டவே விடாத நகரங்களும் பல. மனு போடுமுன் நகரத்தின் சாலை மராமத்து அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கம்பங்கள் நிரம்பி, பாதியை மாற்ற வேண்டிய தெருவில் மட்டும் இந்த வழிக்கு எங்கள் ஓட்டு.

தெருக் கம்பங்களில் ஏற்கெனவே கேபிளைச் சுமக்கும் சொந்தத் தாங்குகம்பி உள்ளவருக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அதன் மேலேயே புது ஃபைபரைச் சுற்றிக் கட்டலாம். உரிமையாளர் அதிகபட்சம் 15 நாள் முன்னறிவிப்பு கேட்கலாம், அவ்வளவே. புதியவருக்கு உதவாத சலுகை.

தகட்டில் நகரத்தின் பெயர் இருந்தால்

நகராட்சிக் கம்பங்களும் கூட்டுறவுச் சங்கக் கம்பங்களும் எஃப்சிசியின் கம்ப விதிகளுக்கு அடிப்படையான கூட்டாட்சித் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 224ஆம் பிரிவுக்கு வெளியே. மேலே சொன்ன 45 நாள், 15 நாள் கெடு எதுவும் அங்கே செல்லாது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் கெடு. குழப்பம் வருவது எஃப்சிசியின் ஸ்மால் செல் (கம்பத்தில் வைக்கும் சிறு மொபைல் சிக்னல் கருவி) உத்தரவால். 2018 செப்டம்பரில் வந்த அது நகரக் கம்பத்தையும் கட்டுப்படுத்தும்: இருக்கும் கம்பத்தில் வைக்க 60 நாள், புதுக் கம்பம் நட 90 நாள், வருடத்துக்கு ஒரு கருவிக்கு 270 டாலர் வரை கேட்டால் நியாயம் என்று கொள்ளப்படும். ஆனால் அது வயர்லெஸ் கருவிக்கு. வீட்டுக்கு ஃபைபர் இழுக்கிறவர் அந்த எண்ணைக் காட்டிப் பேரம் பேசினால் நகர வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். ஒப்பந்தம் எழுதும்போதே மேக்-ரெடி நாள் கணக்கையும், கெடு தாண்டினால் நீங்களே ஆள் வைத்துச் செய்துகொள்ளும் உரிமையையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பமானாலும் வரிசை முடியும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் புதுக் கேபிளின் இழுவையைத் தாங்க ஸ்டே கம்பி வேண்டும். அதன் நங்கூரம் மண்ணுக்குள் போகிறது. அப்போது அது கம்ப வேலையாக மட்டும் நிற்காது, தோண்டும் வேலையும் ஆகிவிடும்: தனி பெர்மிட், தோண்டுமுன் அழைக்க வேண்டிய 811 எண்ணுக்கு அழைத்துக் கேஸ், தண்ணீர்க் குழாய்களுக்குப் பெயின்ட் அடையாளம், நங்கூரம் யாருடைய புல்வெளியிலாவது விழுந்தால் அவருடைய கையெழுத்து. முதல் சர்வேயிலேயே மூலைக் கம்பங்களை எண்ணித் தனித் தாளில் எழுதிவையுங்கள்.