பட்டாம்பூச்சிக்குச் செடி வாங்கப் போகிறவர்களுக்கு: ராயக்கோட்டை சாலை நர்சரி

பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று செடி கேட்டால் பெரும்பாலான நர்சரிகளில் பூச்செடியைத்தான் காட்டுவார்கள். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன நர்சரி இது. கடையில் இருந்த தங்கச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "தேன் குடிச்சிட்டுப் போனா போதுமாக்கா, முட்டையும் வைக்கணுமா?" இந்த ஒரு கேள்விக்காகவே தெரிந்தவர்களை எல்லாம் அங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

தேனுக்கு இட்லிப்பூ, பெண்டாஸ், செண்டுமல்லி போதும். முட்டை வைக்கத்தான் அந்தந்த வகைக்கு உரிய செடி வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்தால் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளுக்கும் ஆகும். அரளி வெண்புள்ளிக் கருப்பனுக்கு. வெந்தய வரியனுக்கு எருக்கு. அதைக் கேட்டதற்கு, "அதுக்கு ஏன் காசு தர்றீங்க, ஏரிக்கரையில நிக்குதே" என்று சொல்லிவிட்டார். விற்கிறவர் இப்படிச் சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்தக் கடையின் பொக்கிஷம் ஈஸ்வரமூலிக் கொடி. நான் பார்த்த வேறு எந்த நர்சரியிலும் இது இல்லை. சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும் இந்த இனத்துக் கொடிகளில்தான் முட்டையிடும். புழு இலையோடு சேர்த்து அதன் நஞ்சையும் உடம்பில் ஏற்றிக்கொள்வதால், பட்டாம்பூச்சியான பிறகும் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, நஞ்சே இல்லாமல் இவற்றைப் போலவே வேடம் போட்டுத் தப்பிக்கும்! இரண்டையும் ஒரே தோட்டத்தில் பார்க்கும்போது எது எது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு மாலை முழுக்கப் போய்விடும். கொடியை மட்டும் இரண்டு மூன்றாக வாங்குங்கள். ஒரே கொடி என்றால் புழுக்கள் மொட்டையடித்துவிட்டுப் பசியோடு அலையும்.

குறையும் இருக்கிறது. ரோஜா, செம்பருத்தி வரிசைக்கு இமிடாகுளோபிரிட் அடிக்கிறார்கள். அது செடிக்குள்ளேயே ஊடுருவி நிற்கும் மருந்து, இலையைக் கழுவினால் போகாது, தின்கிற புழு செத்துவிடும். கறிவேப்பிலைக் கன்றுகள் அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. "மருந்து படாத கன்று" என்று கேட்டால் பின்பக்கத்திலிருந்து எடுத்துத் தருகிறார்கள். கேட்காவிட்டால் முன்னால் இருப்பதுதான் கிடைக்கும். இதை அவர்கள் மாற்ற வேண்டும். கலர் கலராக உன்னிச்செடியும் விற்கிறார்கள். பட்டாம்பூச்சி அதற்கு வரும்தான், ஆனால் நம் பக்கத்துக் காடுகளை அது மூடிக்கொண்டிருக்கும்போது வீட்டிலும் ஏன் வளர்க்க வேண்டும்?

விலை நியாயம், கறிவேப்பிலைக் கன்று 40 ரூபாய்தான். பெண்டாஸ் மட்டும் பைக்குள் வேர் சுருண்டு கிடந்தது, பார்த்து எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், நின்று பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. வார நாளில் காலையில் போய், முதலில் ஈஸ்வரமூலி இருக்கிறதா என்று கேளுங்கள். கொஞ்சம்தான் வைத்திருப்பார்கள்.