கடைப்பையன் 35, கதவு 33, டயர் 44: எஸ்.யூ.வி.க்கு டயர் மாற்றியபின் யார் பேச்சைக் கேட்பது?

நாலு டயரையும் மாற்றி, அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் முடித்து பில்லுக்காகக் காத்திருந்தேன். கடைப்பையன் காற்றுக்குழாயோடு வந்து, "முப்பத்தஞ்சு போட்டுடவா சார்?" என்றான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 33 என்கிறது. புது டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 44 என்று இருக்கிறது. கூட வந்த மச்சினன், "28 வைங்க மாமா, மெத்தை மாதிரி போகும்" என்றான். ஒரே வண்டியின் டயர் காற்றழுத்தத்துக்கு, பி.எஸ்.ஐ. என்ற அளவில், நாலு எண். அன்றைக்கு மதிய வெயிலில் யோசிக்கப் பொறுமை இல்லாமல் 35-க்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். அது ஏன் தப்பு என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் 44-ஐ ஒதுக்கிவிடலாம். அது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், வைக்கச் சொல்லும் அளவு இல்லை. சில டயர்களில் 51 என்றுகூட இருக்கும். டயர் செய்தவருக்கு அது எந்த வண்டியில் ஏறப்போகிறது என்று தெரியாது. ஒரே அளவு டயர் கனமான டீசல் வண்டியிலும் மாட்டப்படும், இலேசான பெட்ரோல் வண்டியிலும் மாட்டப்படும். 44 வைத்து ஓட்டினால் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றும் இடுப்பில் வந்து இடிக்கும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரச் சாலையில் பிடிமானமும் குறையும்.

மச்சினனின் 28-க்கு ரசிகர்கள் அதிகம். கடையிலிருந்து வெளியே வந்த முதல் பத்து கிலோமீட்டருக்கு அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் காற்று குறைந்த டயர் உருளும்போது அதன் பக்கவாட்டு ஓயாமல் மடங்கி விரிகிறது. அதில் சூடு ஏறும், மைலேஜ் இறங்கும், இரண்டு ஓரங்களும் தேயும். உயரமான வண்டி திருப்பத்தில் இன்னும் கொஞ்சம் ஆடும். நாலுவழிச் சாலையில், மே மாத வெயிலில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்தச் சூடு விளையாட்டு இல்லை. மணலில் ஓட்டுகிறவர்கள் 18 வரைகூட இறக்குவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் மெதுவாக ஓட்டுகிறார்கள், தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப அடித்துக்கொள்ளக் கையில் கம்ப்ரஸரும் வைத்திருக்கிறார்கள்.

உண்மையான போட்டி 33-க்கும் 35-க்கும்தான்.

ஸ்டிக்கரில் இருக்கும் 33 அந்த வண்டியின் எடை, அந்த எடை எந்த அச்சில் எவ்வளவு விழுகிறது, பிரேக், திருப்பம் எல்லாவற்றையும் பார்த்து வண்டி செய்தவர்கள் வைத்தது. டயர் கம்பெனி மாறினாலும் வண்டியின் எடை மாறவில்லை. அளவும் லோட் இண்டெக்ஸும் (டயர் தாங்கும் எடைக்கான குறியீட்டு எண்) பழையபடியே இருந்தால் எண்ணும் அதேதான். "புது டயருக்குக் கொஞ்சம் கூட வைக்கணும்" என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஸ்டிக்கர் வேதவாக்கா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி.க்கு ஃபோர்டு சொன்ன அளவு 26, டயர் செய்த ஃபயர்ஸ்டோன் சொன்னது 30. டயரின் மேல்பட்டை பிய்ந்து வண்டிகள் உருண்டபோது, 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. குற்றம் டயரிலா வண்டியிலா என்று இரண்டு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. அதன் பிறகு வந்த சட்டத்தால்தான் அங்கே காற்று குறைந்தால் விளக்கு எரியும் டி.பி.எம்.எஸ். கட்டாயமானது. அந்த விளக்குக்கு அங்கே வைத்த வரம்பு 25 சதவீதக் குறைவு. 33 வைக்க வேண்டிய வண்டியில் அந்தக் கணக்குப்படி 25-க்கு இறங்கும்வரை எச்சரிக்கை வராமல் போகலாம். விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இப்போது கடைப்பையனின் 35. ஸ்டிக்கரைவிட இரண்டு கூடுதலாக வைப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. சிக்கல் எண்ணில் இல்லை, அதை வைக்கும் நேரத்தில் இருக்கிறது. ஸ்டிக்கர் சொல்வது குளிர்ந்த டயரின் அழுத்தம், அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின் பார்க்க வேண்டியது. என் வண்டிக்குக் காற்று வைத்தது மதியம் ஒன்றரைக்கு, அலைன்மென்ட் பார்க்க ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தபின். மறுநாள் காலை ஆறு மணிக்கு, பால் வாங்கப் போகும் முன் என் சொந்த கேஜை வைத்துப் பார்த்தேன். வால்வில் "புஸ்" என்று ஒரு சின்னச் சத்தம், முள் 31-இல் நின்றது. அடுத்ததும் 31, பின்னால் இரண்டும் 32. டயர் எதுவும் கசியவில்லை. சுமார் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸுக்கு ஒரு பி.எஸ்.ஐ. ஏறும், இறங்கும். 50 டிகிரி சூட்டில் இருந்த டயர் 28-க்கு ஆறினால் 35 என்பது 31, 32-க்கு வரத்தான் செய்யும். ஆக, கூடுதலாக வைத்துவிட்டோம் என்று நான் நினைத்த 35 உண்மையில் ஸ்டிக்கரைவிடக் குறைவு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ரிம்மில் டயர் உட்காரும்போது "டப்"பென்று ஒரு சத்தம் கேட்கும், அதற்காக 40-க்கு மேலே ஏற்றுவார்கள். கூட்ட நேரத்தில் அதை இறக்க மறந்து அப்படியே அனுப்பிவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கடையில் சூடான டயருக்கு ஸ்டிக்கரைவிட 4 கூடுதலாக வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் வீட்டில் சரிசெய்வது. சூடாக இருக்கும்போது 38 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிட வேண்டாம்.

டயரின் அளவோ வகையோ மாறியிருந்தால் கணக்கு வேறு. பழைய டயரின் அளவு 215/60 ஆர்17, லோட் இண்டெக்ஸ் 96 என்று வைத்துக்கொள்வோம். அது 36 பி.எஸ்.ஐ.யில் 710 கிலோ தாங்கும், 33-இல் சுமார் 660. அதே அளவில் லோட் இண்டெக்ஸ் 100 உள்ள எக்ஸ்.எல். (கூடுதல் சுமைக்கான டயர்) போட்டால் 800 கிலோ என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த 800 கிடைப்பது 42 பி.எஸ்.ஐ.யில்தான். 33-இல் அதுவும் ஏறக்குறைய அதே 660தான் தாங்கும். "எக்ஸ்.எல். கெட்டி டயர், காத்து குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழகுக்காக 215/55 ஆர்18, 95-க்குப் போனால் அதே 660-க்கு 34-க்குக் கொஞ்சம் மேலே தேவை, அங்கே 35 சரியான எண். 225/60 ஆர்17, 99 போட்டால் கணக்குப்படி 30 போதும், ஆனாலும் நான் 32-க்குக் கீழே போகமாட்டேன். சுமை தாங்குவது மட்டுமே டயரின் வேலை இல்லை, திருப்பத்தில் நெளியாமலும் இருக்க வேண்டும்.

நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தனி நைட்ரஜன் என்றால் ஈரப்பதம் இருக்காது, இறங்குவதும் கொஞ்சம் மெதுவாகும். சூட்டுக்கு ஏறுவது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இலவசமாக வைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

நான் இப்போது வைத்திருப்பது காலையில் நாலிலும் 34. குடும்பத்தோடு, லக்கேஜோடு கொடைக்கானல் போவதென்றால் பின்னால் மட்டும் 36. என் ஸ்டிக்கரில் ஒரே எண்தான். சில வண்டிகளில் முழுச் சுமைக்குத் தனிக் கட்டம் இருக்கும், அப்படி இருந்தால் அதையே பாருங்கள். சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் காற்றை ஊகிக்கும் டி.பி.எம்.எஸ். என்றால், காற்றைச் சரிசெய்த பிறகுதான் செட் பட்டனை அழுத்த வேண்டும். 28-இல் அழுத்தினால் அது 28-ஐயே சரி என்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஸ்டெப்னி. கடையில் அதை யாரும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் நாலையும் பார்த்து முடித்தபின் ஒரு சந்தேகத்தில் டிக்கியில் இருந்த பையையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு அதிலும் கேஜை வைத்தேன். 19.