மரவையா, ஸ்லூஸ் பாக்ஸா, பாதரசமா: யூகோன் பொன்னும் தேவாலாப் பொன்னும்

எங்கள் நீலகிரிக் கூடலூர் பக்கத்துப் பையன்கள் ராத்திரியில் உட்கார்ந்து பார்ப்பது கனடாவின் யூகோன் வீடியோக்களைத்தான். ஆள் இல்லாத காடு, ஒரு ஓடை, நீளப் பெட்டியில் பாயும் தண்ணீர், சாயங்காலம் தட்டின் அடியில் மஞ்சள் பொடி. போன மாதம் சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணா, தங்கம் நம்ம தேவாலாவுலயும்தான் இருக்கு. அதே மாதிரி ஒரு பெட்டி செஞ்சு ஓடையில போட்டா என்ன?"

அவனுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் தங்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1896 ஆகஸ்டில் யூகோனின் க்ளோண்டைக் பகுதியில் ஓர் ஓடையில் கிடைத்தது பாறைத் தங்கம் இல்லை, வண்டல் தங்கம். பாறையை உடைத்துப் பொன்னைப் பிரிக்கிற வேலையை மழையும் ஆறும் எத்தனையோ காலமாகச் செய்து முடித்திருந்தன. பனியுகத்தில் பனிப்பாறைகள் அந்தப் பகுதியை வழித்துக்கொண்டு போகாததால், அந்தச் சரளை அப்படியே தங்கிவிட்டது. உறைந்த மண்ணுக்குக் கீழே, அடிப்பாறையை ஒட்டிப் பொன் கிடந்தது. விறகுத் தீ போட்டு மண்ணை இளக்கி இளக்கித்தான் தோண்டினார்கள்.

தேவாலா, பந்தலூர் கதை வேறு. இங்கே பெரும்பகுதிப் பொன் இன்னும் வெள்ளைக்கல்லுக்குள், அதாவது குவார்ட்ஸ் பாறைக்குள் இருக்கிறது. 1880 வாக்கில் இதை நம்பி நாற்பது கம்பெனிகள் வரை கிளம்பின. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த ப்ரஃப் ஸ்மித் என்ற நிபுணரின் அறிக்கை எல்லோருக்கும் ஆசை காட்டியது. எந்திரம் இறக்கிக் கல்லை அரைத்துப் பார்த்தால் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. சில வருஷங்களில் எல்லாம் முடிந்து, எந்திரங்கள் புதரில் துருப்பிடித்தன. சுரங்க வாய்கள் மட்டும் இன்றைக்கும் தேயிலைக்கு நடுவில் திறந்து கிடக்கின்றன. ஓடையில் வருவது அந்தக் கல் கரைந்து உதிர்ந்த கொஞ்சம் பொன்தான், அதுவும் மெல்லிய செதில்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

மரவை என்றால் நடுவில் குழிந்த மரத்தட்டு. இந்த மலையின் பழங்குடிகளான பணியர்கள் இதை வைத்துத்தான் இந்த ஓடைகளில் பொன் அரித்தார்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்த வேலை இது. சின்ன வயதில் எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே ஒரு பாட்டி அரிப்பதைப் பார்த்திருக்கிறேன். மணலை அள்ளி, தண்ணீரில் முக்கால்வாசி முக்கி, இடுப்போடு சேர்த்து ஒரு ஆட்டம். "வேகமா ஆட்டாதே, பொன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிடும்" என்பார். அந்த வார்த்தையில் அறிவியல் அத்தனையும் இருக்கிறது. தண்ணீரைவிட மணல் இரண்டரை மடங்கு கனம், கருமணல் ஐந்து மடங்கு, பொன் பத்தொன்பது மடங்கு. நிதானமாக ஆட்டினால் கனமானது கீழே போய்த் தங்கும், லேசானது விளிம்பு வழியே போகும். பதறினால் செதில் பொன் தண்ணீரோடு மிதந்து போய்விடும். கோவையில் நகைப் பட்டறைத் தெருக்களில் விடியற்காலையில் சாக்கடை மண்ணை வாரி அரிக்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

மரவையின் குறை வேகம். கை தேர்ந்தவர்கூட நாள் முழுக்க அரித்தால் அரை கன மீட்டர் மணல் தாண்டினாலே பெரிது. தொட்டில் மாதிரி ஆட்டுகிற ராக்கர் பெட்டி அதைவிடச் சில மடங்கு மண்ணை விழுங்கும். வீடியோவில் வருகிற அந்த நீளப் பெட்டி, ஸ்லூஸ் பாக்ஸ், இன்னும் பெரிய வாய். அடிக்கு ஒரு அங்குலம் போலச் சரிவு வைத்து, அடியில் குறுக்குச் சட்டங்களும் கம்பளமும் போட்டுத் தண்ணீரை விட்டால், சரளையை வாரிக் கொட்டிக்கொண்டே இருக்கலாம். பொன் சட்டங்களுக்குப் பின்னால் ஒதுங்கும்.

ஆனால் அந்தப் பெட்டி, கொட்ட மலையளவு சரளை இருக்கிற ஊருக்கானது. நம் ஓடைகளில் சரளைப் படுகை மெல்லிது, குறுகலானது. உருளைக் கற்களை ஒதுக்கவே பாதி நாள் போகும். செதில் பொன்னில் ஒரு பங்கு வேகத் தண்ணீரில் அடித்துப் போகும். கரையை வெட்டிக் கொட்டினால்தான் பெட்டி நிறையும். வெட்டின கரை தேவாலா மழையில் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யூகோனில் சேற்றுத் தண்ணீரைக் குட்டையில் தேக்கித் தெளியவைத்துத்தான் ஆற்றில் விடச் சொல்கிறார்கள். அதற்கு இடம் வேண்டும். இந்தச் சரிவில் குட்டைக்கு எங்கே போவது?

அதனால் ஓடைக்கு மரவைதான் பொருத்தம், சந்தேகமே இல்லை. டிரெட்ஜர் எந்திரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஓடையின் அடிவயிற்றை உறிஞ்சுகிற வேலை அது.

ஆனால் தேவாலாவில் இன்று நடப்பது மரவையும் இல்லை, பெட்டியும் இல்லை. ராத்திரியில் பழைய சுரங்கத்துக்குள் ஊர்ந்து போய்க் கல்லைப் பெயர்த்து, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, பொடியாக்கிப் பாதரசம் விட்டுப் பிசைகிறார்கள். பாதரசம் பொன்னைப் பிடித்துக்கொள்ளும். துணியில் பிழிந்து, மிஞ்சும் உருண்டையைச் சூடாக்கினால் 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகிவிடும், பொன் நிற்கும். சொல்ல எளிது. ஒருமுறை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில், சோறு வடித்த அதே அடுப்பில் அந்த உருண்டையை வைத்துக் காய்ச்சுவதைப் பார்த்தேன். அதே அறையில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் விடாது. அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

கழுவிவிட்ட மிச்சம் ஓடைக்குப் போகிறது. இந்தப் பக்கத்து ஓடைகள் பல புன்னம்புழா வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து நிலம்பூர் தாண்டிக் கடலுக்குப் போகின்றன. மீன் உடம்பில் பாதரசம் ஏறினால் சாப்பிடுகிறவருக்கும் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் தெரிய வந்த துயரம் அதுதான். அந்த ஊர்ப் பெயரிலேயே உருவான உலக ஒப்பந்தத்தை இந்தியாவும் 2018-இல் ஏற்றிருக்கிறது.

பாதரசத்துக்கு எதிரில் வைத்துப் பார்க்க வேண்டியது வெண்காரம். பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் சின்னச் சுரங்கத்தார் பல வருஷங்களாகப் பாதரசம் தொடாமல் வேலை செய்கிறார்கள். அரைத்த பொடியைத் தட்டில் அரித்து அரித்துக் கனமான பகுதியை மட்டும் பிரிக்கிறார்கள். அதில் வெண்காரம் சேர்த்து உருக்கினால், மற்ற தாதுக்கள் சீக்கிரம் இளகி மேலே கசடாக நிற்கும், பொன் அடியில் இறங்கும். நம் பத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெண்காரம். அரிப்பில் பொறுமை வேண்டும், நல்ல சூடு வேண்டும். பைரைட் என்ற இரும்பு-கந்தகத் தாதுக்குள் பொன் பூட்டிக் கிடக்கும் கல்லில் இரண்டு வழியுமே தடுமாறும். ஆனால் பிள்ளை தூங்கும் வீட்டில் விஷ ஆவி பரவாது. எனக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும். கல்லை உலர்வாக அரைத்தால் வரும் தூசி நுரையீரலைத் தின்னும் என்பதையும், பழைய சுரங்கம் எப்போது இடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் வெண்காரம் மாற்றாது.

வீடியோவில் காட்டாத வித்தியாசம் ஒன்றும் இருக்கிறது. யூகோனில் ஒருவர் ஓடையோரம் கம்பு நட்டு, 500 அடி நீளத்துக்குப் பத்து டாலர் கட்டிப் பதிந்துகொள்ளலாம். வருஷத்துக்கு 200 டாலர் மதிப்புக்கு வேலை செய்து காட்ட வேண்டும். அரசுக்குக் கட்டும் ராயல்டி அவுன்ஸுக்கு முப்பத்தேழரை சென்ட்தான், ஏனென்றால் சட்டத்தில் ஒரு அவுன்ஸ் பொன் விலை இன்னும் 15 டாலர், அதில் இரண்டரை சதவீதம்தான் ராயல்டி. பெயர் பதிந்திருப்பதால் சேற்றுத் தண்ணீர் விட்டால் யாரைக் கேட்பது என்று தெரியும். ஆனால் அந்த உரிமை யாருடைய ஆற்றங்கரையில் எழுதப்பட்டது? 1897-இல் அங்குள்ள பூர்வகுடிகளான ட்ரொன்டெக் ஹ்வெச்சின் மக்கள் தங்கள் மீன்பிடி முகாமை விட்டுவிட்டு ஆற்றின் கீழ்ப்பக்கம் குடிபோக வேண்டியதாயிற்று. இங்கே பணியர்களுக்கு நடந்ததும் ரொம்ப வேறு இல்லை.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தங்கம் தோண்டுவது குற்றம். 2015-க்குப் பிறகு ஏலம்தான் வழி. மரவை வைத்திருக்கும் பாட்டி ஏலத்துக்குப் போக முடியாது. அதனால் அரிப்பவரும் திருடர், சுரங்கத்தில் இறங்குபவரும் திருடர். இருட்டில் செய்கிற வேலைக்குச் சீக்கிரம் முடிகிற வழிதான் பிடிக்கும், அந்த வழி பாதரசம். சட்டம் மரவையைத் தனியாகப் பார்த்திருந்தால் இத்தனை வீடுகளுக்குள் பாதரச பாட்டில் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பெட்டி செய்யும் யோசனையை விட்டுவிட்டான். "அப்போ அந்தப் பாட்டி இப்ப எங்கண்ணா?" என்று மட்டும் கேட்டான். பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது. மரவையை அவர் பேத்தி நெல் புடைக்க வைத்திருக்கிறாள்.