அஞ்செட்டிப் பாதைக்கு வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்? ஊர்ப் பயணத்தில் விசாரித்தவை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கில், தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பது மண்வெட்டியைப் போல் அன்றாடம் கைக்கு வேண்டிய பொருள். என் அண்ணன் அங்கே மாந்தோப்பும் கொஞ்சம் கேழ்வரகு நிலமும் பார்த்துக்கொள்கிறார். புதிய தலைமுறை மகிந்திரா தார் ஒன்றை வாங்கி ஓட்டிவருகிறார். மழைக்குப் பிறகு தோப்புப் பாதையில் வண்டியின் அடிப்பகுதி உரசுகிறது என்பதால், சஸ்பென்ஷனை, அதாவது வண்டியைச் சக்கரங்கள்மேல் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பை, நான்கு அங்குலம் உயர்த்திவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கும் நான் மாங்காய்ப் பருவத்தில் ஊருக்கு வந்தபோது, அந்த வேலைக்காக அவருடன் ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று பல இடங்களுக்குச் சென்று விசாரித்தேன். எங்கே என்ன சேவை கிடைத்தது, எதை நம்பலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை, இதே எண்ணத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பாதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் நாள்தோறும் ஓடுவது டிராக்டர். அதன் பெரிய பின்சக்கரங்கள் ஈரமண்ணில் இரண்டு ஆழமான தடங்களை வெட்டிவிடுகின்றன. நடுவில் கல்லோடு சேர்ந்த மேடு நின்றுவிடுகிறது. டிராக்டரின் அடிவயிறு உயரம் என்பதால் அதற்கு இடையூறு இல்லை. ஆனால் அதே தடத்தில் இறங்கும் தாரின் அடிப்பகுதி நடுமேட்டில் உரசுகிறது. அண்ணனின் வண்டியைக் குழிமேல் நிறுத்திப் பார்த்தபோது, பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் கூட்டில்தான் கீறல்கள் நிறைந்திருந்தன.

சஸ்பென்ஷனை உயர்த்துவதால் எது உயரும், எது உயராது என்பதை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்வது மிக முக்கியம். 2020இல் வெளிவந்த தாரில் முன்பக்கம் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் இரட்டை ஆர்ம் (சக்கரத்தைப் பிடிக்கும் கை) அமைப்பும், பின்பக்கம் காயில் ஸ்பிரிங் மேல் அமர்ந்த திட அச்சும் உள்ளன. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, முன்பக்க டிஃபரன்ஷியல் ஆகியவை உயரும். வண்டி மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கிடைக்கும் கோணங்கள் கூடும். ஆனால் பின் அச்சு சக்கரங்களோடு இணைந்தே இருப்பதால், எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் அந்த உருண்டை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. அதை உயர்த்த வல்லது டயர் ஒன்றுதான், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி அளவுக்கு மட்டுமே. எடுத்துக்காட்டாக, 255/65 ஆர்18 டயரிலிருந்து 255/70 ஆர்18க்கு மாறினால் விட்டம் சுமார் 25 மி.மீ. கூடுகிறது, அச்சு உயர்வது ஏறத்தாழ 13 மி.மீ. அதோடு வேகமானி சுமார் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டத் தொடங்கும். நடுமேடுதான் தொல்லை என்றால் நான்கு அங்குலச் செலவு அந்தத் தொல்லையைத் தீர்க்காது என்பதை, நாங்கள் முதலில் போன கடைகளில் யாருமே சொல்லவில்லை.

ஓசூரில் வண்டி அலங்காரப் பொருள்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் தொடங்கினோம். வரவேற்பு நன்றாக இருந்தது. எஸ்டிமேட்டும் உடனே கொடுத்தார்கள். அவர்கள் முன்வைத்தது ஸ்பேசர், அதாவது முன்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனைக்கும் சேசிஸுக்கும் இடையே வைக்கும் தடித்த வளையம். பின்பக்கம் காயில் ஸ்பிரிங்கின் மேல் இன்னொரு வளையம். அரை நாள் வேலை, செலவு குறைவு, வண்டி உயர்ந்து நிற்கும். பார்வைக்கு அவ்வளவும் உண்மை. ஆனால் முன்பக்க ஷாக் அப்சார்பர் கீழ் ஆர்மில் சக்கரத்துக்கு உட்புறமாகப் பொருத்தப்பட்டிருப்பதால், வளையத்தின் தடிமனைவிடச் சக்கரத்தில் கிடைக்கும் உயர்வு கணிசமாக அதிகமாகிறது. சக்கரம் குழியில் முழுவதும் தொங்கும்போது ஆர்ம், கம்பெனி வகுத்த எல்லையைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அந்த நிலையில் மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் சி.வி. ஜாயின்ட்டும் தாங்க முடியாத கோணத்தில் மடங்குகின்றன. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய்விடும். இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்த அந்த விற்பனையாளரிடம் சி.வி. கோணம் பற்றிக் கேட்டதற்கு, முன் டிஃபரன்ஷியலையே கொஞ்சம் கீழிறக்கும் கிட் இருக்கிறது என்றார். உயர்த்துவதற்காக வந்தவர்களிடம் ஒரு பாகத்தைத் தாழ்த்தும் பொருளையும் சேர்த்து விற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வண்டியில் வழக்கமாக என்ன சுமை ஏற்றுவீர்கள் என்ற கேள்வி அங்கே எழவேயில்லை.

அடுத்து, வண்டி வழக்கமாகப் போகும் சர்வீஸ் மையம். அங்கே பதில் சுருக்கமானது: கம்பெனி சஸ்பென்ஷனை மாற்றினால், அதனோடு தொடர்புள்ள பாகங்களுக்கு வாரண்டி கேட்டு வர வேண்டாம். மரியாதையாகவும் தெளிவாகவும் சொன்னார்கள். அதைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

எங்களுக்கு உண்மையான ஆலோசனை கிடைத்தது கிருஷ்ணகிரியில், லாரிகளுக்குப் பட்டை (இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) கட்டும் ஒரு பழைய பட்டறையில். சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் வந்து சேரும் ஊர் இது. சுற்றிலும் கிரானைட் குவாரிகள். பாறை ஏற்றிய டிப்பர்களின் பட்டைகளை நாள்தோறும் பிரித்துச் சேர்ப்பவர்களுக்குச் சுமையையும் உயரத்தையும் பற்றிய அறிவு கையிலேயே இருக்கிறது. தாரில் பட்டை ஸ்பிரிங் கிடையாது என்பதால் பட்டறை மேஸ்திரிக்கு இதில் வியாபாரம் இல்லை. ஆனாலும் அந்த மேஸ்திரி எங்களை உட்காரவைத்துக் கேட்டார்.

"தோப்புக்குப் போறப்ப பின்னாடி என்ன ஏத்துவீங்கண்ணா?"

மருந்து கலந்த தண்ணீர் நூறு லிட்டர், பவர் ஸ்பிரேயர், இரண்டு ஆட்கள் என்று அண்ணன் சொன்னார். ஆக, ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோ. மேஸ்திரி டேப்பை எடுத்துச் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தார். பிறகு பட்டறையில் கிடந்த இரும்புத் துண்டுகளை அதே எடைக்குப் பின்னால் ஏற்றி மறுபடியும் அளந்தார். பின்பக்கம் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. "உங்க வண்டிக்கு உயரம் பத்தலன்னு இல்ல, இருக்கிற உயரத்த சுமை தின்னுடுது" என்றார். நடுமேட்டைப் பற்றியும் அவரே ஒரு வழி சொன்னார்: நம் பட்டா நிலத்துக்குள் வரும் பகுதியில், மண் ஈரமாக இருக்கும்போதே டிராக்டருக்குப் பின்னால் பிளேடு பூட்டி அந்த மேட்டைச் சீவிவிட வேண்டும். இந்த இரண்டு யோசனைக்கும் அவர் பணம் வாங்கவில்லை. டேப்பும் இரும்புத் துண்டுகளும் கொண்டு செய்த அந்த அளவைதான் எங்கள் தேர்வு முழுவதற்கும் அடிப்படையாக அமைந்தது. சஸ்பென்ஷன் மாற்ற நினைக்கும் எவரும் கடைக்குப் போவதற்கு முன் அதைத் தாங்களே செய்துகொள்ளலாம்.

அந்த அளவுகளை எழுதிக்கொண்டு பெங்களூரில் இதே வேலையாக இருக்கும் ஒரு கடைக்குச் சென்றோம். ஓல்ட் மேன் இமு, அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகள் எனக்குப் பெர்த்திலேயே பழக்கமானவை. இவ்வகைக் கிட்டுகளில் ஸ்பிரிங்கை உயரத்தைக் கொண்டு மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. வண்டியில் எப்போதும் இருக்கும் சுமை எவ்வளவு என்பதைக் கொண்டு இலகு, நடுத்தரம், கனம் என்று பிரித்து எடுக்க வேண்டும். சுமையே ஏற்றாதவர் கனமான ஸ்பிரிங்கை வாங்கினால் வண்டி கல்லில் துள்ளும், சக்கரம் தரையைப் பிடிக்காது. ஷாக் அப்சார்பரும் புதிய ஸ்பிரிங்கின் நீளத்துக்கும் வலுவுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். உயர்ந்த ஸ்பிரிங்கோடு பழைய ஷாக் அப்சார்பரை விட்டால், சக்கரம் கீழே இறங்கும்போது அது தன் எல்லையை எட்டி இடிக்கும், விரைவில் கசியும்.

இங்கே ஆஸ்திரேலிய அனுபவத்தை அப்படியே பெயர்த்து வைப்பதும் சரியாகாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியிலுள்ள கிப் ரிவர் சாலை போன்ற இடங்களில் அலையலையான மண்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகமாக ஓட வேண்டியிருப்பதால், ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சூடேறி நுரைப்பதுதான் முதல் கவலை. தனி எண்ணெய்க் கலன் வைத்த விலை உயர்ந்த வகைகள் அதற்காகவே வந்தவை. அஞ்செட்டித் தோப்புப் பாதையில் வண்டி முதல் இரண்டு கியரில் சில கிலோமீட்டர் ஊர்ந்து போகிறது. இங்கே எண்ணெய் சூடாவதில்லை. சுமைக்கேற்ற ஸ்பிரிங்தான் வேலை செய்கிறது. ஆகவே நைட்ரஜன் வாயு நிரப்பிய சாதாரண வகை ஷாக் அப்சார்பர் போதும் என்று நான் சொன்னேன். கடைக்காரரும் விலை கூடியதைத் திணிக்காமல் அதை ஒப்புக்கொண்டார்.

தேர்வு இப்படி முடிந்தது: பின்பக்கம் நடுத்தரச் சுமைக்கான ஸ்பிரிங், முன்பக்கம் அதற்கு ஈடான சிறு உயர்வு, இரண்டுக்கும் பொருந்தும் ஷாக் அப்சார்பர். வெறும் வண்டியாக நிற்கும்போது சுமார் 40 மி.மீ. உயர்ந்து தெரியும், தோப்புச் சுமை ஏறியதும் கம்பெனி உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும். டயர் அளவை மாற்றவில்லை. பெரியப்பா மகனும் தன் மாருதி ஜிம்னிக்கு இதையே செய்யலாமா என்று கேட்டார். அதில் முன்னும் பின்னும் திட அச்சு. அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் தண்டின் நீளம் மாறாததால், உயர்த்தும்போது அச்சு ஒரு பக்கமாக நகரும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டு இல்லாமல் அதில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சட்டத்தையும் பார்க்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர்மீதே பொறுப்பை வைக்கிறது. நான்கு அங்குலமும் பெரிய டயரும் சேர்ந்தால் வண்டியின் மொத்த உயரமே மாறிவிடும். இது தவிர, வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2020இல் தாருக்குத் தந்த நான்கு நட்சத்திரம், கம்பெனி சஸ்பென்ஷனோடு சோதித்த வண்டிக்கு உரியது. அண்ணன் நான்கு அங்குல எண்ணத்தைக் கைவிட்டதற்கு இவையும் காரணம். என்ன பாகம், எந்த அளவு என்பதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகே கிட்டுக்கு முன்பணம் கொடுத்தோம்.

பொருத்தும் வேலை ஒழுங்காக நடந்தது. நான்கு சக்கரமும் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்று பார்த்தார்கள். ஆர்ம்களின் புஷ் (இணைப்பிலுள்ள ரப்பர் உருளை) போல்ட்டுகளை, வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகே இறுக்கினார்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சில மாதங்களிலேயே கிழியும். இதைக் கேட்காமலேயே செய்தவர்கள் அவர்கள் என்பதால் அந்தக் கடைமீது எனக்கு மதிப்பு கூடியது.

சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்ட்டில்தான் நம் ஊரில் குறை இருக்கிறது. முதலில் போன மையத்தில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்துவிட்டு, வேலை முடிந்தது என்றார்கள். முன்பக்கத்தை உயர்த்தினால் கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். காஸ்டர் குறைந்தால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். தொப்பூர்க் கணவாய்போல் இறக்கமும் வளைவும் சேர்ந்த சாலையில், ஈர்ப்பு மையம் உயர்ந்த வண்டிக்கு அது ஆபத்து. ஓசூரில் லாரிகளுக்கும் கார்களுக்கும் சேர்த்து வேலை செய்யும் இன்னொரு மையத்தில் மூன்று அளவுகளையும் சரிசெய்வதற்கு முன், சரிசெய்த பின் என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் இந்த வேலையை விடாதீர்கள்.

ஹெட்லைட்டையும் அன்றே தாழ்த்திச் சரிசெய்ய வேண்டும். இராயக்கோட்டைச் சாலையில் இரவில் எதிரே இருசக்கர வாகனத்தில் வருபவரின் கண்ணில் நம் வெளிச்சம் படக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அஞ்செட்டியைச் சுற்றியுள்ள காடு 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். வண்டி உயர்ந்துவிட்டது என்பதற்காக அங்கே தடம் விலகி ஓட்டுவது குற்றம். யானைகள் நடமாடும் இடத்தில் அது உயிருக்கும் கேடு.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, சி.வி. உறைகளைப் பார்த்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரையிலான உயரத்தை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். புதிய ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அமர்வது இயல்பு. இடமும் வலமும் ஒரே அளவில் அமர்ந்திருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் அண்ணன் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றித் தோப்பு வீட்டில் வைத்திருக்கிறார். வண்டியை விற்கும்போதோ அதிகாரிகள் கேட்கும்போதோ அவை தேவைப்படும்.