வாத்திய அஞ்சல்தலைகள்: மின்ட்டா, யூஸ்டா?

வாத்தியங்கள் சார்ந்த அஞ்சல்தலைகளை மட்டும் சேர்ப்பவருக்கு 1998-ல் வந்த ருத்ர வீணை, புல்லாங்குழல், பக்கவாஜ், சரோத் செட் நல்ல தொடக்கம். கூடவே 2008-ல் வந்த ஷெனாய் கலைஞர் பிஸ்மில்லா கான், 2014-ல் வந்த சித்தார் கலைஞர்கள் ரவிசங்கர், விலாயத் கான். மின்ட்டாக, அதாவது பயன்படுத்தாத புதுத் தலையாக வாங்குவதா, அஞ்சல் முத்திரை விழுந்த யூஸ்டைத் தேடுவதா?

மின்ட்டில் படம் முழுசாகத் தெரியும், விற்கும்போது விலையும் அதற்குத்தான். புது வெளியீடுகள் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் சேகரிப்பாளர்களுக்கான பிரிவான பிலாட்டலிக் பீரோவில் முகமதிப்புக்கே கிடைக்கும். ஆனாலும் சென்னையில் இருப்பவருக்கு யூஸ்ட்தான் என் சிபாரிசு. காரணம் பசை.

மின்ட்டின் விலை பாதி அதன் முதுகில் இருக்கிறது. அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி இளகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்டாக் புக்கை (தலைகளைச் செருகி வைக்கும் ஆல்பம்) படுக்கப்போட்டு மேலே நாலு புத்தகம் அடுக்கினால், தலை தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் பசை போச்சு. பசையும் காகிதமும் ஒரே அளவில் விரியாததால் தலை சுருளும். பிறகு பூஞ்சையின் பழுப்புப் புள்ளி. பசைக்கு ஆசைப்படும் ராமபாணப் பூச்சி வேறு. ஆகவே ஆல்பம் நிமிர்ந்தே நிற்கட்டும், நெருக்கியடிக்காமல். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். நீல சிலிகா ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். காய்ந்த நாளாகப் பார்த்து மாதம் ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை ஆகாது; அதிலிருந்து கசியும் மென்மையூட்டி மையைக் கெடுக்கும். ஹிஞ்ச் எனும் பசைத்தாள் துண்டால் ஆல்பத்தில் ஒட்டினால் தழும்பு, தழும்புக்கு விலை இறங்கும்.

யூஸ்டில் இந்தப் பாடெல்லாம் பெரிதும் குறைவு. பூஞ்சை, பூச்சி, பிவிசி இவற்றை மட்டும் கவனித்தால் போதும். தலையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு கடித உறையை வெட்டி, சாதாரண தண்ணீரில் படம் மேலாக மிதக்கவிடுங்கள். 15-20 நிமிடத்தில் தானே கழன்று வரும். அவசரப்பட்டு உரித்தால் நடுவில் மெலியும். முதுகை வேறு தண்ணீரில் அலசி, மையொற்றுத் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு வையுங்கள். சிவப்பு, காக்கி உறைகளைத் தனியாக ஊறப்போடுங்கள், சாயம் இறங்கும்.

மறுவிற்பனையில் யூஸ்ட் தோற்றுவிடும், மறைக்க ஒன்றுமில்லை. ஊர்வாரியாக அடுக்குகிறவருக்கு மட்டும் ஒரு லாபம் உண்டு: ஷெனாய் தலைமேல் பிஸ்மில்லா கான் வாழ்ந்த வாராணசியின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் வாத்தியமும் ஊரும் ஒரே துண்டில். அப்படிப்பட்டதை ஊறவைக்காமல், முத்திரை வட்டம் முழுசாக வரும்படி உறையோடு வெட்டி வையுங்கள்.